மாங்கேணிப் பிள்ளைக்கு இடம் உண்டா?

2024 நவம்பர் 6ஆம் திகதி ஃபிரெஷ்வொர்க்ஸ் கம்பனி தன் காலாண்டுக் கணக்கை வெளியிட்டது. சென்னையில் பிறந்து அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தை வரை போன மென்பொருள் கம்பனி அது. வருமானம் முந்தைய ஆண்டைவிட 22 சதவீதம் கூடியிருந்தது. அதே நாளில், பணியாளரில் 13 சதவீதத்தினரை, ஏறத்தாழ 660 பேரை, வேலையிலிருந்து நிறுத்தப் போவதாகவும் அறிவித்தது. தன் பங்குகளைத் தானே சந்தையிலிருந்து திரும்ப வாங்குவதற்கு 400 மில்லியன் டொலரை ஒதுக்கியதும் அன்றுதான். இனிக் கூடுதல் கவனம் செலுத்தப் போவதாகச் சொன்ன துறைகளில் செயற்கை நுண்ணறிவும் ஒன்று.

ஓரிரு நாளில் தமிழ்நாட்டின் தென்காசிப் பக்கத்திலிருந்து மறுப்பு வந்தது. கையில் கோடிக்கணக்கில் காசும், வளரும் வருமானமும் வைத்துக்கொண்டு ஆட்களை அனுப்புகிற கம்பனி, தன் பணியாளரிடம் இனி விசுவாசத்தை எதிர்பார்க்கக் கூடாது என்று, ஸோஹோ மென்பொருள் கம்பனியின் அப்போதைய தலைவர் ஸ்ரீதர் வெம்பு சமூக ஊடகத்தில் எழுதினார். இது பேராசை என்றார். கம்பனியின் பெயரைச் சொல்லவில்லை. சொல்லவேண்டியிருக்கவும் இல்லை. ஃபிரெஷ்வொர்க்ஸைத் தொடங்கிய கிரிஷ் மாத்ருபூதம் ஸோஹோவில் வேலை பார்த்தவர். 2010இல் வெளியே வந்து தனிக் கம்பனி தொடங்கினார். இரண்டு கம்பனிகளும் 2020இல் நீதிமன்றம் வரை போய், அடுத்த ஆண்டு சமரசத்துக்கு வந்தவை.

இரண்டு தமிழர் கட்டியெழுப்பிய கம்பனிகளின் இந்த வாக்குவாதத்தைச் சென்னைப் பத்திரிகைகள் ஒரு கிழமைக்குப் பேசிவிட்டு மறந்தன. இந்த இதழின் அட்டைக் கட்டுரையை நான் அதிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் மாங்கேணி.

மட்டக்களப்பு மாவட்டத்தில், வாழைச்சேனையிலிருந்து வடக்கே வாகரைக்குப் போகிற ஏ15 வீதியில், கோறளைப்பற்று வடக்குப் பிரதேச செயலகப் பிரிவில் இருக்கிறது மாங்கேணி. காயாங்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணி என்று கேணிப் பெயர் கொண்ட ஊர்கள் வரிசையாக வரும் கரை இது. கிழக்கே கடல், மேற்கே களப்பும் பற்றைக்காடும். 2004இல் சுனாமி அடித்தது. 2006இன் இறுதியிலும் 2007இன் தொடக்கத்திலும் வாகரைச் சண்டையில் சனம் கூட்டங்கூட்டமாக இடம்பெயர்ந்தது. திரும்பி வந்து மீண்டும் வலையைப் பொத்தியவர்களின் ஊர். கடலிலும் களப்பிலும் மீனும் இறாலும் நண்டும். மழையை நம்பிய கொஞ்சம் பயிர். மற்றபடி கூலி வேலை. உயர்தரம் சித்தியடைந்து பல்கலைக்கழகம் போகிற பிள்ளைகள் மிகச் சிலர். மற்றவர்களில் பெண்பிள்ளைகளுக்கு விடியற்காலையில் வருகிற ஆடைத் தொழிற்சாலை பஸ். ஆண்பிள்ளைகளுக்குக் கட்டார் அல்லது சவூதி.

கடந்த பத்துப் பதினைந்து வருடங்களில் இந்தப் பட்டியலில் புதிதாக ஒரு வரி சேர்ந்தது. கணினி படித்தால் ஊரை விட்டுப் போகாமலே உழைக்கலாம். தரவு உள்ளிடுதல், வெளிநாட்டுக் கம்பனிகளின் வாடிக்கையாளர் கேள்விகளுக்குப் பதில் எழுதுதல், சின்னச் சின்ன இணையத்தளங்கள் செய்துகொடுத்தல், மென்பொருளில் பிழை இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தல், மொழிபெயர்ப்பு. பெரிய பட்டம் தேவையில்லை. ஆறு மாதப் பயிற்சியும் பொறுமையும் நல்ல இணைப்பும் இருந்தால் போதும். தொடக்க வேலைகள் என்று கம்பனிகள் சொல்வது இவற்றைத்தான். செயற்கை நுண்ணறிவு முதலில் கைவைத்திருப்பதும் இவற்றிலேதான்.

ஆகவே, உலகத்துக் கம்பனித் தலைவர்கள் இந்த மாற்றத்தை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கேட்கும்போது நான் அவர்களின் மேடைப் பேச்சையும் முதலீட்டுத் தொகையையும் பின்னுக்கு வைக்கிறேன். புதிதாக வருகிற, இன்னும் ஒன்றும் தெரியாத பிள்ளைக்கு உங்கள் கம்பனியில் இன்னும் இடம் இருக்கிறதா? நான் பார்ப்பது இந்த ஒன்றைத்தான்.

கரைவலை தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். வலையைக் கரைக்கு இழுக்க இருபது முப்பது பேர் வேண்டும். சின்னப் பெடியன் முதலில் கயிறு பிடிக்கத்தான் வருவான். கயிறு பிடித்தபடியே நீரோட்டத்தைப் படிப்பான், கடலின் நிறம் மாறுவதைப் பார்ப்பான், மீன் கூட்டம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பெரியவர்கள் பேசுவதைக் கேட்பான். வருடங்கள் போனபின் அவனே வலை எங்கே வளைக்க வேண்டும் என்று சொல்கிற ஆளாவான். அண்மைக் காலத்தில் வடக்குக் கடற்கரையின் சில இடங்களில் உழவு இயந்திரத்தில் வின்ச் பூட்டிக் கரைவலை இழுக்கத் தொடங்கினார்கள். பெரிய தகராறாயிற்று. கடற்றொழிலாளர் சங்கங்கள் எதிர்த்தன, அதிகாரிகள் தலையிட்டார்கள். கூலி போகிறதென்ற கவலை ஒன்று, கடலடி வளம் அழிகிறதென்ற கவலை இன்னொன்று. அதிகம் பேசப்படாத மூன்றாவது ஒன்றும் உண்டு. கயிறு பிடிக்க ஆள் தேவையில்லை என்றானபின், கடலைப் படிக்கத் தெரிந்த அடுத்த ஆள் எங்கிருந்து வருவான்?

அமெரிக்காவில் இந்தக் கேள்விக்கு இப்போது எண்கள் வந்திருக்கின்றன. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் எரிக் பிரின்ஜோல்ஃப்சனும் இரு ஆய்வாளர்களும் சம்பளப் பதிவேடுகளை வைத்துச் செய்த ஆய்வு 2025 ஓகஸ்டில் வெளியானது. செயற்கை நுண்ணறிவு அதிகம் புகுந்துள்ள தொழில்களில் 22 முதல் 25 வயதுக்காரரின் வேலைவாய்ப்பு, 2022இன் இறுதியிலிருந்து, மற்றவர்களோடு ஒப்பிட 13 சதவீதம் குறைந்திருக்கிறது. அதே தொழில்களில் அனுபவசாலிகளுக்குப் பெரிய பாதிப்பில்லை. கயிறு பிடிக்கிறவன் போகிறான். வலை வளைக்கச் சொல்கிறவர் இருக்கிறார். அவருக்கும் வயதாகும்.

அமேசனின் கிளவுட் பிரிவுக்குத் தலைவரான மாட் கார்மன் இதைத் தெளிவாகவே சொன்னார். இளநிலைப் பணியாளருக்குப் பதிலாக இயந்திரத்தை வைப்பது தான் கேட்டதிலேயே மிக மடத்தனமான யோசனை என்றார் அதே ஓகஸ்டில். சம்பளம் குறைவாக வாங்குபவர்களும், புதிய கருவிகளை விரைவாகப் பிடித்துக்கொள்பவர்களும் அவர்கள்தான். பத்து வருடத்துக்குப் பிறகு ஒன்றும் கற்றுக்கொள்ளாத ஒரு தலைமுறையை வைத்து என்ன செய்வது என்பது அவர் வாதம். நல்ல பேச்சு. இரண்டு மாதம் கழித்து, ஒக்டோபரில், அமேசன் தன் அலுவலகப் பணியாளரில் 14,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. தலைவர்களின் பேச்சை மட்டும் வைத்து நாம் முடிவுக்கு வர முடியாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த, கூகுளின் தலைவர் சுந்தர் பிச்சையின் கதை எல்லாருக்கும் தெரிந்தது, ஆகவே சுருக்கமாகவே சொல்கிறேன். 2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வந்தது, கூகுள் பதறியது. 2023 ஜனவரியில் 12,000 பேரை நிறுத்தியது. பெப்ரவரியில் அவசரமாகக் காட்டிய பார்ட் என்ற உரையாடல் இயந்திரம் ஒரு விண்வெளித் தொலைநோக்கி பற்றிப் பிழையான பதிலைச் சொல்ல, ஒரே நாளில் கம்பனியின் சந்தை மதிப்பில் ஏறத்தாழ 100 பில்லியன் டொலர் கரைந்தது. தனித்தனியாக இயங்கிய இரண்டு ஆய்வுக்கூடங்களை ஏப்ரலில் ஒன்றாக்கினார். டிசம்பரில் ஜெமினி என்ற புதிய மாதிரி வந்தது. 2024 ஒக்டோபரில், கூகுளின் புதிய நிரல்களில் கால்வாசிக்கு மேல் இயந்திரமே எழுதுகிறது, பொறியியலாளர் சரிபார்க்கிறார் என்றார். கப்பல் கவிழவில்லை. ஆனால் அந்தக் கால்வாசியை முன்பு எழுதிப் பழகியவர்கள் யார் என்று அவரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

டாட்டாவின் மென்பொருள் கம்பனியான டிசிஎஸ் இன்னும் நெருக்கமான விஷயம். தமிழ்நாட்டில் ஒவ்வொரு பொறியியற் கல்லூரியின் வாசலிலும் வந்து ஆள் எடுத்த கம்பனி அது. 2025 ஜூலையில், ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட தன் பணியாளரில் 2 சதவீதத்தினரை, 12,000 பேருக்கு மேல், அனுப்பப் போவதாக அறிவித்தது. பெரும்பாலும் நடுநிலை, மேல்நிலை ஆட்கள். செயற்கை நுண்ணறிவால் வேலை மிஞ்சிவிட்டதென்பதல்ல காரணம். திறனுக்கும் வேலைக்கும் பொருத்தமில்லாமையே காரணம் என்றார் பிரதம நிறைவேற்று அதிகாரி கே. கிருத்திவாசன். அடுத்து வந்த காலாண்டுக் கணக்கில் ஆட்தொகை 19,755 குறைந்திருந்தது. பொருந்தாமை ஒரே நாளில் வருவதில்லை. பத்துப் பதினைந்து வருடம் வேலை வாங்கிய கம்பனிக்கு, அந்த வருடங்களில் அவர்களுக்குப் புதியதைப் படிப்பிக்கும் பொறுப்பு இருக்கவில்லையா?

அவசரப்பட்டவர்கள் திரும்பி வந்த கதையும் உண்டு. சுவீடனின் கிளார்னா கம்பனி 2024 பெப்ரவரியில், தன் உரையாடல் இயந்திரம் 700 பேரின் வேலையைச் செய்கிறது என்று பெருமைப்பட்டது. அடுத்த வருடம் அதன் தலைவர் செபஸ்டியன் சீமியாட்கோவ்ஸ்கி, செலவைக் குறைப்பதிலேயே கண்ணாக இருந்ததில் தரம் கெட்டுப்போனது என்று ஒப்புக்கொண்டு மீண்டும் மனிதரை எடுக்கத் தொடங்கினார். தாமதமாக வந்த ஞானம்.

இனி ஸோஹோ. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். மாங்கேணிக்குப் பொருந்தக்கூடிய ஒன்று இவர்களில் யாரிடமாவது இருக்குமென்றால் அது இங்கேதான்.

1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய கம்பனி. வெளி முதலீடு வாங்கவில்லை, பங்குச்சந்தைக்கும் போகவில்லை. 2005இல், ஆறு மாணவரை வைத்துக்கொண்டு சொந்தமாக ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார்கள். பன்னிரண்டாம் வகுப்போ டிப்ளோமாவோ முடித்த, பொறியியற் கல்லூரிக்குப் போக வசதியில்லாத பிள்ளைகள். கட்டணம் இல்லை; மாறாக மாதாமாதம் உதவித்தொகை. கணிதம், ஆங்கிலம், நிரலாக்கம். இரண்டு வருடத்தில் அவர்கள் பட்டதாரிகளுக்குப் பக்கத்திலே உட்கார்ந்து அதே வேலையைச் செய்தார்கள். பின்னர் தென்காசி மாவட்டத்தில் மத்தளம்பாறை என்கிற கிராமத்திலே அலுவலகம் போட்டார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையடியில், வயல்களுக்கு நடுவே. 2019இல் வெம்புவே கலிஃபோர்னியாவை விட்டு அந்தப் பக்கம் குடிவந்துவிட்டார்.

2025 ஜனவரியில் அவர் தலைமைப் பதவியை விட்டார். செயற்கை நுண்ணறிவில் நடக்கும் பெரிய மாற்றங்களைக் காரணங்களில் ஒன்றாகச் சொல்லி, இனி முழுநேரமும் ஆராய்ச்சியில் இருக்கப் போவதாக அறிவித்துத் தலைமை விஞ்ஞானி ஆனார். குழுமத்தின் தலைமை அவரோடு கம்பனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான சைலேஷ் குமார் தேவியிடம் போனது. அந்த மே மாதம், 700 மில்லியன் டொலர் செலவில் சிப் தயாரிக்கும் திட்டத்தைக் கைவிட்டார்கள். தொழில்நுட்ப வழியில் தங்களுக்கே முழு நம்பிக்கை வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார் வெம்பு. ஜூலையில் ஸியா என்ற சொந்த மொழி மாதிரியை வெளியிட்டார்கள். 1.3, 2.6, 7 பில்லியன் அளவுருக்கள் கொண்ட மூன்று மாதிரிகள். அமெரிக்க மாதிரிகளுக்கு முன்னால் மிகச் சிறியவை. ஒரு கடைக்காரரின் பற்றுச்சீட்டைச் சுருக்கவும் வாடிக்கையாளர் கடிதத்தை வகைபிரிக்கவும் உலகத்தையே விழுங்கிய மாதிரி எதற்கு என்பது அவர்கள் கணக்கு. சிறியது மலிவு, சொந்தத் தரவு மையத்திலேயே ஓடும்.

எனக்குப் பிடித்தது இந்த நிதானம். தலைவர் பதவியை விட்டு இறங்கி ஆய்வுக்கூடத்தில் உட்காருவதும், முடியாததை முடியாது என்று சொல்லிப் பெருந்தொகையை மிச்சம் பிடிப்பதும், தேவைக்கேற்ற அளவில் கருவி செய்வதும் பதற்றத்தில் வருகிற காரியங்கள் அல்ல. காலாண்டுக்குக் காலாண்டு பங்குதாரருக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லாததால் இது முடிகிறது என்பதும் உண்மை. ஃபிரெஷ்வொர்க்ஸின் பணியாளரில் ஐந்நூறு பேருக்கு மேல் பங்குச்சந்தைக்குப் போன 2021இல் கோடீஸ்வரர் ஆனார்கள். மூன்று வருடம் கழித்து அதே சந்தை 660 பேரைக் கேட்டது. கிரிஷ் 2025 இறுதியில் தன் கம்பனியை விட்டு விலகி, செயற்கை நுண்ணறிவுக் கம்பனிகளில் முதலிடும் நிதியத்துக்கு முழுநேரமாகப் போனார்.

ஸோஹோவிலும் எனக்குக் குறை இருக்கிறது. ஸியாவோடு வெளியான பேச்சை எழுத்தாக்கும் மாதிரிகள் ஆங்கிலத்துக்கும் ஹிந்திக்கும் வந்தன. தமிழ்நாட்டுக் கம்பனியின் கையிலிருந்தே தமிழ் முதலில் வரவில்லை. நிரலாளர் வேலைக்கு இனி உத்தரவாதமில்லை என்று எச்சரிப்பவர்களில் வெம்புவும் ஒருவர். அப்படியானால் அந்தப் பயிற்சிப் பள்ளியில் இன்று சேர்கிற பிள்ளைக்கு என்ன படிப்பிக்கிறார்கள் என்பதை அவர் விரிவாகச் சொல்ல வேண்டும். உலகம் முழுவதும் கேட்டுக்கொண்டிருக்கிற பாடத்திட்டம் அது.

நம் பக்கத்துக்கு வருவோம். மாங்கேணியிலிருந்து தெற்கே வந்தால் வாழைச்சேனைக் காகித ஆலை. ஜி. ஜி. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில் போடப்பட்ட திட்டம்; 1956இல் உற்பத்தி தொடங்கியது. வைக்கோலிலிருந்து காகிதம். படுவான்கரை வயல்களில் அடித்து முடித்த வைக்கோல், நாட்டின் பிள்ளைகளுக்குப் பாடக் கொப்பியானது. அந்த ஆலையை நம்பி ஒரு நகரமே வளர்ந்தது. ஒன்றும் தெரியாமல் உள்ளே போன பெடியன்மார் மின்னியலும் கொதிகலனும் இரசாயனமும் அங்கேயே கற்றுக்கொண்டு தொழிலாளியாகவும் மேற்பார்வையாளராகவும் வெளியே வந்தார்கள். பிறகு போர். போர் மட்டுமல்ல, இயந்திரங்களைப் புதுப்பிக்கவில்லை, அரசாங்கம் மாறும்போதெல்லாம் நிர்வாகமும் மாறியது, இறக்குமதிக் காகிதம் மலிவாக வந்திறங்கியது. உற்பத்தி நின்றது. மீண்டும் இயக்கும் முயற்சிகள் பின்னர் நடந்தன. பழைய அளவுக்கு அது எழவில்லை. தொழில்நுட்ப மாற்றத்தைத் தலைமை தவறவிட்டால் ஒரு பிரதேசத்துக்கு என்ன நடக்கும் என்பதை நாங்கள் சிலிக்கன் பள்ளத்தாக்கில் போய்ப் படிக்க வேண்டியதில்லை. போனது காகிதம் மட்டுமென்றால் பரவாயில்லை. கற்றுக்கொள்ளும் இடம் போனது. அதன்பின் இந்தக் கரைக்கு அப்படி ஒன்று வரவேயில்லை.

கொழும்பில் பேசுகிறார்கள். 2025 பெப்ரவரியில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டத்தில், ஐந்து வருடத்தில் 15 பில்லியன் டொலருக்கு மேற்பட்ட டிஜிட்டல் பொருளாதாரமும் அத்துறையில் 200,000 பணியாளரும் இலக்காக வைக்கப்பட்டன. டயலொக் கம்பனியை நடத்திய ஹான்ஸ் விஜயசூரிய ஜனாதிபதியின் டிஜிட்டல் பொருளாதார ஆலோசகராக இருக்கிறார். கிரிஷான் பாலேந்திரா தவிசாளராக இருக்கும் ஜோன் கீல்ஸ் குழுமம், பெரும் தரவுகளை ஆராய்வதற்கென்றே ஒக்டேவ் என்ற பிரிவை நடத்துகிறது. தயாராகிறார்கள், அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் இந்தத் தயாரிப்பு முழுக்கக் கொழும்பிலேயே நடக்கிறது, அதுவும் ஏற்கனவே பட்டம் பெற்றவர்களுக்கு.

இந்தத் திட்டங்களுக்கு வெளியே நடப்பவை சிறியவை, ஆனால் சரியான திசையில் நடப்பவை. யாழ்ப்பாணத்தில் யாழ் ஐடி ஹப் தன்னார்வலர்களால் ஓடுகிறது. உயர்தரத்தோடு நின்ற இளைஞர்களுக்கான நிரலாக்கப் பள்ளியை அதுவே தொடங்கியது. மட்டக்களப்பு நகரில் டிரீம்ஸ்பேஸ் அகடமி, இளைஞர்களின் கையில் உணர்கருவியையும் மின்சுற்றுப் பலகையையும் கொடுத்து ஊரின் பிரச்சினைகளுக்கு விடை தேடச் சொல்கிறது. மொறட்டுவைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிங்களத்துக்கும் தமிழுக்கும் இடையிலான இயந்திர மொழிபெயர்ப்பில் பல வருடங்களாக உழைக்கிறார்கள். நூலகம் நிறுவனம் 2005இலிருந்து ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிம வடிவில் சேர்த்து வருகிறது.

கடைசி இரண்டையும் நான் சும்மா குறிப்பிடவில்லை. மாங்கேணிப் பிள்ளையிடம் இருக்கிற, கலிஃபோர்னியாவிலும் கொழும்பிலும் இல்லாத ஒன்று அவளுடைய பேச்சு. மட்டக்களப்புத் தமிழைக் கேட்டு விளங்கிக்கொள்கிற இயந்திரம் இன்று சரியாக இல்லை. ஒரு மீனவர் தன் வாயால் சொன்னதை அரசாங்கப் படிவமாக மாற்றவும், ஆஸ்பத்திரியில் ஒரு அம்மா சொல்கிற நோக்காட்டைச் சிங்கள வைத்தியருக்கு விளங்கவைக்கவும் அந்த இயந்திரம் வேண்டும். அதைச் செய்ய ஆயிரக்கணக்கான மணிநேரக் குரல் பதிவு வேண்டும். அதைக் கேட்டு, எழுதி, பிழை திருத்த ஆட்கள் வேண்டும். இது தொடக்க வேலைதான். ஆனால் இயந்திரம் எப்படிக் கற்கிறது என்பதை உள்ளிருந்தே பார்க்கிற வேலை. ஆறு மாதம் பிழை திருத்தியவளுக்கு, மாதிரி எங்கே சறுக்குகிறது என்று எந்தப் பட்டதாரியையும்விட நன்றாகத் தெரியும். அங்கிருந்து மேலே போகலாம். இதற்குக் கூலி கொடுக்க வேண்டும், நியாயமான கூலி. ஆபிரிக்க நாடுகளில் இந்த வேலையை அற்பக் காசுக்குச் செய்யவைத்த அவப்பெயர் பெரிய கம்பனிகளுக்கு ஏற்கனவே இருக்கிறது.

ஆகவே கொழும்புக் கம்பனிகளிடமும் டிஜிட்டல் பொருளாதார அமைச்சிடமும் கேட்க வேண்டியது பெரிய தொகையல்ல. அரசாங்கத்தின் டிஜிட்டல் ஒப்பந்தம் பெறுகிற ஒவ்வொரு கம்பனியும், உயர்தரம் முடித்த பிள்ளைகளை உதவித்தொகையோடு இரண்டு வருடம் பயிற்றுவிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். பயிற்சி கொழும்பில் வேண்டாம். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, வாழைச்சேனையில் காகித ஆலையின் காணி இருக்கிறது. அந்த 200,000 பேர் எந்தெந்தப் பிரதேச செயலகப் பிரிவிலிருந்து வருகிறார்கள் என்று வருடாவருடம் வெளியிடுங்கள்; கோறளைப்பற்று வடக்கு என்ற வரிக்கு நேரே என்ன இலக்கம் இருக்கிறதென்று நாங்கள் பார்க்கிறோம். முதல் வருடம் ஆறு பேர் என்றாலும் சரி. ஸோஹோ தொடங்கியதும் ஆறு பேரோடுதான்.